ஆறாம் வகுப்பை எங்கே படித்தாள்? – ஒரு மாணவியின் மேற்படிப்புத் தேர்வு: நிகழ்வு ஆய்வு

காரைக்குடி வட்டாரத்தில் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் கணித ஆசிரியராக இருக்கிறேன். பள்ளியின் உயர்கல்வி வழிகாட்டிப் பொறுப்பும் என்னிடம் இருக்கிறது. 2025 மே மாதம் தொடங்கி ஏறத்தாழ ஓராண்டு நான் உடனிருந்து பார்த்த ஒரு நிகழ்வை இங்கே பதிவு செய்கிறேன். குடும்பத்தாரின் ஒப்புதலோடு எழுதுகிறேன். அவர்களை அடையாளம் காட்டக்கூடிய சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். என் பிழை ஒன்றும் இதில் இருக்கிறது. அதைச் சொல்லாமல் விட்டால் இந்தப் பதிவால் யாருக்கும் பயன் இல்லை.

பின்னணி

மாணவியின் தந்தை, தரையில் பதிக்கும் ஆத்தங்குடிக் கல் செய்யும் பட்டறையில் 20 ஆண்டுகளுக்கு மேலாக வேலை பார்க்கிறார். அச்சில் வண்ணம் ஊற்றுவதில் கைதேர்ந்தவர். தாய் காரைக்குடியில் ஒரு பலகாரக் கடையில் முறுக்கும் சீப்புச் சீடையும் சுற்றுகிறார். அண்ணன் பாலிடெக்னிக்கில் டிப்ளமோ முடித்துவிட்டு ஒரகடத்தில் ஒரு தொழிற்சாலையில் இருக்கிறான். குடும்பத்தில் இதுவரை பட்டம் பெற்றவர் யாரும் இல்லை.

மாணவி தமிழ் வழியில் படித்தவள். பிளஸ் டூவில் கணிதம், இயற்பியல், வேதியியல், உயிரியல் எடுத்திருந்தாள். ஒன்பதாம் வகுப்பில் எங்கள் பள்ளிக்கு வந்து சேர்ந்தாள். அதற்கு முன் எங்கே படித்தாள் என்று நான் கேட்கவில்லை. இந்த நிகழ்வு முழுவதும் அந்தக் கேள்வியைச் சுற்றித்தான் நடந்தது என்பதால் இதை இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

மே மாதம்: முன்பணம்

மே 8ஆம் தேதி தேர்வு முடிவு வந்தது. கணிதத்தில் 81, இயற்பியலில் 84, வேதியியலில் 95. பொறியியல் கலந்தாய்வுக்குக் கணித மதிப்பெண்ணை முழுதாகவும் மற்ற இரண்டையும் பாதியாகவும் எடுத்துக் கூட்டுவார்கள். அந்தக் கணக்கில் அவளுடைய கட்-ஆஃப் 200க்கு 170.5.

அடுத்த வாரம் தந்தை பள்ளிக்கு வந்தார். வங்கியில் படிப்புக் கடன் கேட்கப் போவதாகவும் அதற்குப் பள்ளியிலிருந்து ஒரு சான்று வேண்டும் என்றும் சொன்னார். விசாரித்தபோதுதான் நடந்தது தெரிந்தது. சிங்கப்பூரில் வேலை பார்க்கும் தாய்மாமன், முடிவு வந்த அன்று இரவே தொலைபேசியில் பேசி, 'கம்ப்யூட்டர் படித்தால்தான் வேலை' என்று சொல்லியிருக்கிறார். அவருக்குத் தெரிந்த ஒரு ஏஜென்ட் வீடு தேடி வந்திருக்கிறார். நான்கே நாளில் தந்தை, கோவைப் பக்கம் ஒரு தனியார் பொறியியல் கல்லூரிக்குப் போய், செயற்கை நுண்ணறிவுப் பிரிவில் நிர்வாக ஒதுக்கீட்டு இடத்துக்கு (கலந்தாய்வு இல்லாமல் கல்லூரியே நிரப்பும் இடம்) 25,000 ரூபாய் முன்பணம் கட்டியிருக்கிறார். மகளின் அசல் மாற்றுச் சான்றிதழையும் அங்கேயே கொடுத்துவிட்டார். கட்டணம், விடுதி எல்லாம் சேர்த்து ஆண்டுக்கு 1,85,000 ரூபாய். முதல் ஆண்டில் பாதியை மாமன் கொடுப்பதாக வாக்கு.

கலந்தாய்வு வரை ஏன் காத்திருக்கவில்லை என்று கேட்டேன். "இடம் போய்விடும் என்றார்கள் சார்" என்றார். எங்கள் பக்கத்தில் ஒவ்வொரு மே மாதமும் இந்த ஒரு வாக்கியத்தைச் சொல்லித்தான் முன்பணம் வசூலிக்கிறார்கள். இத்தனைக்கும் பொறியியல் விண்ணப்பத்துக்கு ஜூன் முதல் வாரம் வரை அவகாசம் இருந்தது.

அன்று மாலை அவர்கள் வீட்டுக்குப் போனேன். தாய்தான் பேசினார். "அண்ணன் வாய்விட்டுச் சொல்லிவிட்டார். வேண்டாம் என்றால், நாளைக்கு ஒரு நல்லது கெட்டது என்று வந்தால் எந்த முகத்தோடு கூப்பிடுவது?" மாணவி நிலைப்படியில் சாய்ந்து நின்றிருந்தாள். ஒரு வார்த்தையும் பேசவில்லை. அவளிடம் தனியாகப் பேச வேண்டும் என்று எனக்கு அப்போது தோன்றவில்லை. முன்பணத்தையும் சான்றிதழையும் மீட்பதிலேயே என் எண்ணம் முழுவதும் இருந்தது.

முதல் முடிவும் அதன் காரணமும்

ஒரு தாளில் கணக்குப் போட்டுக் காட்டினேன். நான்கு ஆண்டுக்கு 7,40,000 ரூபாய். மாமன் தருவதாகச் சொன்னது 92,500. மீதி கடன். ஏழரை லட்சம் வரை வங்கிகள் சொத்து ஈடு கேட்பதில்லை என்பது உண்மைதான். படிப்பு முடிந்து ஓராண்டு வரை தவணை கட்ட வேண்டியதில்லை என்பதும் உண்மை. ஆனால் பணம் கைக்கு வந்த நாளிலிருந்தே வட்டி ஏறத் தொடங்கிவிடும். ஏஜென்ட் இதைச் சொல்லவில்லை. தந்தையின் நாள் கூலியையும் மாதத்தில் வேலை இருக்கும் நாட்களையும் பக்கத்தில் எழுதினேன். அவர் தாளையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு நான் சொன்னது இது: "பாப்பா அரசுப் பள்ளி மாணவி. பொறியியலில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு இருக்கிறது. கலந்தாய்வில் அந்த ஒதுக்கீட்டில் இடம் கிடைத்தால் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம் எல்லாவற்றையும் அரசே ஏற்கும். நிர்வாக ஒதுக்கீட்டில் போனால் அந்த உரிமை போய்விடும்."

மருத்துவப் படிப்பில் 2020இலும், பொறியியல், வேளாண்மை, சட்டம் முதலியவற்றில் 2021இலும் வந்த ஒதுக்கீடு அது. சட்டத்தைப் பற்றி நான் சொன்னதில் தவறு இல்லை. அது இந்த மாணவிக்குப் பொருந்துமா என்பதைப் பார்க்காமல் சொன்னேன். என் சொல்லை நம்பித்தான் அந்தக் குடும்பம் கோவை இடத்தை விட்டது.

திரும்பப் பெறும் வேலை எதிர்பார்த்ததைவிட எளிதாகத் தொடங்கியது. சேர்க்கை முடியும் முன் மாணவர் விலகினால் 1,000 ரூபாய்க்கு மேல் பிடித்தம் செய்யக் கூடாது, அசல் சான்றிதழ்களைக் கல்லூரி வைத்துக்கொள்ளக் கூடாது என்பது அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழுமத்தின் விதி. அதைக் குறிப்பிட்டு ஒரு கடிதம் எழுதி, தந்தையின் கையெழுத்தோடு நேரில் கொடுக்கச் செய்தோம். மாற்றுச் சான்றிதழ் அன்றே கைக்கு வந்தது. பணம் ஐந்து வாரம் கழித்து, இரண்டாவது கடிதத்துக்குப் பிறகு வந்தது. ஏஜென்ட் 'திரும்ப வராது' என்று சொல்லியிருந்த பணம் அது.

தாய்மாமனிடம் யார் சொல்வது என்ற கேள்வி எழுந்தது. தந்தை தயங்கினார். அண்ணன்தான் பேசினான். ஒரகடத்தில் தன்னோடு வேலை செய்யும் பொறியியல் பட்டதாரிகள் என்ன சம்பளம் வாங்குகிறார்கள் என்பதைச் சொன்னான். மாமன் கோபித்துக்கொண்டு பேச்சை நிறுத்திக்கொண்டார்.

பஸ்ஸில் கடந்துபோகும் வாயில்

விருப்பப் பட்டியலைத் தயார் செய்ய மாணவியை மூன்று முறை அழைத்தேன். முதல் இரண்டு முறையும் மதிப்பெண், கல்லூரி, தூரம் இவற்றைப் பற்றித்தான் பேசினோம். எதைக் கேட்டாலும் "சரி சார்" என்றாள். மூன்றாவது முறை வேதியியல் ஆசிரியையும் உடன் இருந்தார். அவர் போகிற போக்கில் ஒரு செய்தியைச் சொன்னார். பதினொன்றாம் வகுப்பில் இவள் செம்பருத்திப் பூவை அரைத்துச் சாறு எடுத்து ஒரு புட்டியில் கொண்டுவந்திருக்கிறாள். இன்னொரு புட்டியில் அப்பாவின் பட்டறைத் தொட்டித் தண்ணீர். ஆத்தங்குடிக் கல்லைச் சூளையில் சுடுவதில்லை. கண்ணாடித் தகட்டின் மேல் அச்சை வைத்து, சிமெண்டில் குழைத்த வண்ணத்தை ஊற்றி, மேலே சிமெண்டு மணல் கலவையை இட்டு, தண்ணீரில் ஊறப்போட்டு இறுக வைப்பார்கள். அந்தத் தண்ணீரை ஊற்றியதும் செஞ்சாறு பச்சையானது. "அப்பா விரல் வெடிப்பதற்கு இதுதானே டீச்சர் காரணம்?" என்று கேட்டிருக்கிறாள். சிமெண்டிலிருந்து தண்ணீரில் இறங்கும் காரத்தன்மையை அவளே சோதித்துக் காட்டியிருக்கிறாள்.

இதைப் பற்றிப் பேச்சு எடுத்ததும் மாணவி முதன்முறையாகத் தானாகப் பேசினாள். மெருகு போடாமலே கல் ஏன் பளபளக்கிறது, இரும்பு ஆக்சைடு வண்ணம் ஏன் வெயிலில் மங்குவதில்லை என்று கேள்விகளாக வந்தன. ஒரு மாதமாக நான் கேட்டிருக்க வேண்டியவை இவை. மதிப்பெண் பட்டியலில் வேதியியல் 95 என்று கண்ணெதிரே இருந்தும், கட்-ஆஃப் கணக்கில் அதைப் பாதியாக்கிப் பார்த்துவிட்டு நகர்ந்திருக்கிறேன்.

அன்று மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனத்தைப் பற்றிச் சொன்னேன். நாடு விடுதலை பெற்ற மறு ஆண்டு அடிக்கல் நாட்டப்பட்டு, 1953இல் திறக்கப்பட்ட நிறுவனம். அது காரைக்குடிக்கு வர வேண்டும் என்பதற்காக அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்தார். மாணவி பள்ளிக்கு வரும் பஸ் அந்த வாயிலைக் கடந்துதான் வருகிறது. உள்ளே வேதி மற்றும் மின்வேதிப் பொறியியலில் பி.டெக். படிப்பு இருக்கிறது என்பது அவளுக்குத் தெரியாது. அவளுடைய வகுப்பில் விசாரித்தேன், யாருக்கும் தெரியாது. நகரத்தார் பர்மாவுக்கும் மலேயாவுக்கும் போய் ஈட்டிய காலத்திலிருந்தே, முன்னேற்றம் என்றால் ஊரைவிட்டுப் போவது என்ற எண்ணம் இந்த மண்ணில் ஊறியிருக்கிறது. ஊருக்குள் கொண்டுவந்து வைத்ததை நம் பிள்ளைகளுக்குக் காட்டாமல் இருப்பது எனக்கு ஆறாத வருத்தம்.

விருப்பப் பட்டியலில் அதை முதலிடத்தில் வைத்தோம். இடங்கள் மிகக் குறைவு என்பதால் 7.5 சதவீதத்திலும் எளிதாகக் கிடைக்காது என்று சொல்லிவைத்தேன்.

பிழை தெரிந்த நாள்

ஜூன் முதல் வாரம். உள் ஒதுக்கீட்டுக்கான படிப்புச் சான்றைத் தயார் செய்துகொண்டிருந்த அலுவலக உதவியாளர் என்னை அழைத்தார். பள்ளிக் கல்வித் துறையின் இணையவழி மாணவர் பதிவான எமிஸில், ஆறாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரை வேறு பள்ளி. பக்கத்து ஊரில், நகரத்தார் அறக்கட்டளை ஒன்று பல தலைமுறைக்கு முன் தொடங்கிய நடுநிலைப் பள்ளி. அரசு உதவி பெறும் பள்ளி, அதாவது அரசின் நிதியுதவியோடு தனியார் நிர்வாகம் நடத்தும் பள்ளி.

7.5 சதவீதத்துக்கு ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியிலேயே படித்திருக்க வேண்டும். கல்வி உரிமைச் சட்டத்தின்கீழ் தனியார் பள்ளியில் எட்டாம் வகுப்பு வரை படித்துவிட்டு ஒன்பதிலிருந்து அரசுப் பள்ளிக்கு வந்தவர்களுக்கும் அந்த உரிமை உண்டு. உதவி பெறும் பள்ளியில் படித்தவர்களுக்கு இல்லை.

செட்டிநாட்டில் இது சிறிய விஷயம் அல்ல. இங்கே பல ஊர்களில் வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் பள்ளியே உதவி பெறும் பள்ளிதான். கட்டணமும் இல்லை, சத்துணவும் உண்டு. பெற்றோருக்கு அதற்கும் அரசுப் பள்ளிக்கும் வேறுபாடு தெரிய வாய்ப்பில்லை. எனக்குத் தெரியும். தெரிந்தும் கேட்கவில்லை.

அன்று மாலையே வீட்டுக்குப் போய்ச் சொன்னேன். தந்தை கேட்டார்: "அதுவும் பணம் கட்டாத பள்ளிதானே சார்?" சிறிது நேரம் கழித்து இன்னொன்று கேட்டார்: "அப்படியென்றால் கோவையில் மறுபடி கேட்டுப் பார்க்கலாமா?" அந்தக் கேள்வி இன்றும் என் காதில் இருக்கிறது. பிழை என்னுடையது என்று இருவரிடமும் சொன்னேன். தாய் எனக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

இரண்டாவது கணக்கு

மறுநாள் தலைமையாசிரியரும் வேதியியல் ஆசிரியையும் நானும் உட்கார்ந்து, இந்த முறை ஆவணங்களிலிருந்து தொடங்கினோம்.

குடும்பத்தில் முதன்முதலாகப் பட்டம் படிப்பவருக்கான முதல் பட்டதாரிச் சலுகை பொருந்தியது. அண்ணன் படித்தது டிப்ளமோ, பட்டம் அல்ல. கலந்தாய்வில் இடம் பெற்றால் கல்விக் கட்டணத்தில் சலுகை உண்டு. இ-சேவை மையத்தில் விண்ணப்பித்து, கிராம நிர்வாக அலுவலர் முதல் வட்டாட்சியர் வரை சென்று சான்று வர ஒன்பது நாள் ஆயிற்று. புதுமைப் பெண் திட்டமும் பொருந்தியது. மாதம் 1,000 ரூபாய் தரும் அந்தத் திட்டம், உதவி பெறும் பள்ளிகளில் தமிழ் வழியில் படித்த மாணவிகளுக்கும் 2024 டிசம்பரில் விரிவுபடுத்தப்பட்டிருந்தது. ஒரே மாணவி, ஒரே பள்ளி வரலாறு. ஒரு திட்டத்தில் தகுதி இல்லை, மற்றொன்றில் உண்டு. 'அரசுப் பள்ளி மாணவி' என்ற ஒற்றைச் சொல்லை வைத்துக்கொண்டு எதையும் சொல்லக் கூடாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

காலவரிசையும் ஒரு சிக்கல். அரசுக் கலைக் கல்லூரிகளின் சேர்க்கை ஜூனிலேயே நடந்துவிடும். பொறியியல் கலந்தாய்வின் பொதுச் சுற்றுகள் ஜூலை நடுவில்தான் தொடங்கும். அழகப்பா அரசு கலைக் கல்லூரியில் பி.எஸ்சி. வேதியியலுக்கு விண்ணப்பித்திருந்தாள், இடமும் கிடைத்தது. கட்டணம் சில ஆயிரம் ரூபாய்க்குள் அடங்கிவிட்டது. பொறியியல் வரும்வரை கையில் ஒரு இடம் இருக்கட்டும் என்றுதான் சேரச் சொன்னோம். பி.எஸ்சி.யை ஒரு காத்திருப்பு அறையாகத்தான் நான் நினைத்தேன் என்பதை இங்கே குறிப்பிட வேண்டும்.

ஆகஸ்ட்: இரண்டு நாள்

மின்வேதிப் பொறியியல் கிடைக்கவில்லை. இரண்டாம் சுற்றில், ஆகஸ்ட் தொடக்கத்தில், காரைக்குடி அரசுப் பொறியியல் கல்லூரியிலேயே இயந்திரவியல் இடம் தற்காலிக ஒதுக்கீடாக வந்தது. உறுதி செய்ய இரண்டு நாள்.

எனக்கு மகிழ்ச்சி. அரசுக் கல்லூரி, வீட்டிலிருந்தே பஸ்ஸில் போய்வரலாம், கல்விக் கட்டணத்துக்கு முதல் பட்டதாரிச் சலுகை. உறுதி செய்துவிடலாம் என்று தந்தையிடம் சொன்னேன். அவரும் சரி என்றார். தாய் மட்டும் மகளைக் காட்டி, "ஆத்தா என்ன சொல்கிறாள் என்று கேளுங்கள்" என்றார். மே மாதம் முதல் நடந்த எல்லாப் பேச்சிலும், மாணவியைக் கேட்க வேண்டும் என்ற வார்த்தை வந்தது அப்போதுதான்.

மாணவி அதற்குள் ஒரு மாதம் பி.எஸ்சி. வகுப்புக்குப் போயிருந்தாள். அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "இயந்திரவியல் கெட்டது என்று நான் சொல்லவில்லை சார். அந்த இடத்துக்காக ஏங்குகிறவர்கள் இருப்பார்கள். எனக்கு ஆய்வகம் இருக்கிற நாளில் காலையில் அம்மா எழுப்ப வேண்டியதில்லை."

நான் எதிர்த்தேன். பி.எஸ்சி. முடித்தால் என்ன வேலை என்று கேட்டேன். அவளும் வேதியியல் ஆசிரியையும் ஒரு பக்கம் எழுதிவைத்திருந்தார்கள். அழகப்பா பல்கலைக்கழகத்தில் தொழில் வேதியியல் துறை இருக்கிறது. ஐ.ஐ.டி.களில் எம்.எஸ்சி. சேர ஜாம் தேர்வு இருக்கிறது. பி.எட். படித்தால் ஆசிரியர் பணி. பொறியியலுக்கே திரும்ப வேண்டும் என்று தோன்றினால், பிளஸ் டூவில் கணிதம் படித்த பி.எஸ்சி. பட்டதாரிகள் பி.இ. இரண்டாம் ஆண்டில் நேரடியாகச் சேரும் வழியும் உண்டு. கடைசியாகச் சொன்னது எனக்கே நினைவில் இல்லை. பி.எஸ்சி. எடுத்தால் பொறியியல் கதவு மூடிவிடும் என்ற என் வாதம் அதோடு போயிற்று.

தந்தை மகளைப் பார்த்து ஒன்றே கேட்டார்: "மூன்று வருடம் கழித்து, 'அன்றைக்கே என்னைச் சேர்த்துவிட்டிருக்கலாமே' என்று சொல்வாயா?" அவள் இல்லை என்றாள். இரண்டாம் நாள் மாலை ஒதுக்கீட்டை வேண்டாம் என்று பதிவு செய்தோம். என் மனம் அதற்கு முழுதாக இசையவில்லை.

பின் நடந்தவை

முதல் பருவம் கடினமாக இருந்தது. பாடநூல்கள் ஆங்கிலத்தில். துணைப்பாடமான இயற்பியலில் முதல் உள்தேர்வில் தேறவில்லை. அக்டோபரில் ஒரு நாள் பள்ளிக்கு வந்து, தவறு செய்துவிட்டேனோ என்று வேதியியல் ஆசிரியையிடம் அழுதிருக்கிறாள். எங்கள் தமிழ் வழிப் பாடநூலையும் கல்லூரி நூலையும் அருகருகே வைத்துக்கொண்டு, கலைச்சொற்களை ஒரு நோட்டில் இரு மொழியிலும் எழுதச் சொன்னார் ஆசிரியை. நவம்பரில் அந்த நோட்டு பாதி நிறைந்திருந்தது. பருவத் தேர்வில் எல்லாத் தாள்களிலும் தேர்ச்சி. வேதியியலில் வகுப்பின் முதல் ஐந்து பேரில் ஒருத்தி.

செப்டம்பரில் மின்வேதியியல் நிறுவனத்தை மாணவர்களின் பார்வைக்குத் திறந்தபோது கல்லூரித் தோழிகளோடு போய்வந்தாள். அரிமானம், அதாவது உலோகம் துருப்பிடித்து அரிக்கப்படுவது, பற்றிய ஆய்வுகளைப் பார்த்துவிட்டு வந்து, கடலோரப் பாலங்களில் இரும்புக் கம்பி துருப்பிடிப்பதையும் சிமெண்டின் காரத்தன்மை அதைத் தடுப்பதையும் தந்தையிடம் விளக்கியிருக்கிறாள். பட்டறைத் தொட்டியில் தொடங்கிய கேள்விக்கு அங்கே ஒரு துறையே இருக்கிறது.

மாதம் 1,000 ரூபாய் அவள் வங்கிக் கணக்குக்கு வருகிறது. பஸ் கட்டணம் இல்லை. குடும்பத்துக்குக் கடன் இல்லை.

எல்லாம் சரியாகிவிடவில்லை. தாய்மாமன் பொங்கலுக்கு வந்தபோது இந்த வீட்டுக்கு வரவில்லை. தாய்க்கு அது பெரிய மனக்குறை. மூன்றாண்டுக்குப் பின் மாணவிக்கு என்ன வேலை கிடைக்கும் என்பதற்கு என்னிடம் உறுதியான விடை இல்லை. இயந்திரவியலில் சேர்ந்திருந்தால் படிப்பு முடிந்ததும் சம்பளம் வந்திருக்கலாம். மேலே எம்.எஸ்சி. படித்துத்தான் ஆக வேண்டும் என்றால் இந்தக் குடும்பம் இன்னும் இரண்டாண்டு காத்திருக்க வேண்டும்.

என்ன மாற்றியிருக்கிறோம்

நான் செய்த தவறு படிப்பைப் பற்றியது அல்ல, வரிசையைப் பற்றியது. முதலில் சலுகையைச் சொன்னேன். பிறகு ஆவணத்தைப் பார்த்தேன். எல்லாவற்றுக்கும் கடைசியில் மாணவியின் பேச்சைக் கேட்டேன். சிற்றூரில் ஆசிரியர் சொல்லும் ஒரு வாக்கியத்தை நம்பிக் குடும்பங்கள் பணத்தை எடுக்கவும் கட்டவும் செய்கின்றன. சரிபார்க்காமல் சொல்லும் உரிமை எனக்கு இருந்திருக்கவில்லை.

இப்போது பதினொன்றாம் வகுப்பில் சேர்ந்தவுடனேயே ஒவ்வொரு மாணவருக்கும் ஒரு பக்கம் திறக்கிறோம். ஆறு முதல் ஒவ்வொரு வகுப்பையும் எந்தப் பள்ளியில் படித்தார், அது அரசுப் பள்ளியா, உதவி பெறும் பள்ளியா, பயிற்றுமொழி எது, வீட்டில் பட்டதாரி உண்டா, உடன்பிறந்தோர் முதல் பட்டதாரிச் சலுகையை ஏற்கெனவே பெற்றிருக்கிறார்களா என்பனவற்றை எமிஸ் பதிவோடு ஒப்பிட்டு எழுதுகிறோம். அந்தப் பக்கம் நிரம்பாமல் எந்தச் சலுகையைப் பற்றியும் பெற்றோரிடம் பேசுவதில்லை.

முன்பணம் பற்றிய கூட்டத்தை முடிவு வந்த பிறகு நடத்துவதில் பயனில்லை. ஏஜென்ட் அதற்கு முன்பே வந்துவிடுகிறார். இந்தக் கூட்டத்தைப் பிப்ரவரியில், செய்முறைத் தேர்வு நாட்களில், பெற்றோரை அழைத்து நடத்தினோம். வரும்போது வீட்டில் முடிவெடுப்பவர் யாரோ அவரையும் அழைத்துவரச் சொன்னோம். சிலர் தாய்மாமனையும் பெரியப்பாவையும் அழைத்து வந்தார்கள். வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு வாட்ஸ்அப்பில் கணக்குத் தாளை அனுப்பினோம். இந்த மாணவியின் மாமனிடமும் மே மாதத்திலேயே நேரடியாகப் பேசியிருந்தால் அவர் கோபித்திருக்க மாட்டார் என்று நினைக்கிறேன். அவர் கெடுதல் நினைத்தவர் அல்ல, தனக்குத் தெரிந்த ஒரே வழியைக் காட்டியவர்.

பாட ஆசிரியர்கள் ஒவ்வொருவரும் மாணவர் தானாகக் கேட்ட ஒரு கேள்வியையோ தானாகச் செய்த ஒரு வேலையையோ அந்தப் பக்கத்தில் குறித்துவைக்கிறார்கள். சிலருடைய பக்கத்தில் அந்த இடம் வெறுமையாகத்தான் இருக்கிறது. அவர்களைத்தான் முதலில் அழைத்துப் பேசுகிறோம்.

இந்த ஆண்டு பதிவுகளைச் சரிபார்த்தபோது, அதே அறக்கட்டளைப் பள்ளியிலிருந்து ஒன்பதாம் வகுப்பில் வந்தவர்கள் மேலும் சிலர் இருப்பது தெரிந்தது. அவர்கள் வீடுகளுக்குப் போய்ச் சொல்லிவிட்டோம். அவர்களில் ஒருவரின் தந்தையும் பட்டறைத் தொழிலாளிதான். அந்த வீட்டுக்கு நான் போனபோது, இந்த மாணவியின் தந்தையும் உடன் வந்து, தன் கணக்குத் தாளை மடிப்புப் பிரித்துக் காட்டினார்.